முப்பத்தைந்து ராத்திரி மாத்திரைகள்

1. அக்டோபர் மாதம் அவர் எங்கள் ஆய்வில் சேர்ந்தார். வயது ஐம்பத்து நான்கு. அரசு பஸ் டிரைவர். எடை 104.6 கிலோ.

2. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய் அவருக்கு இருந்தது. அதனால் பஸ் ஓட்டுவதிலிருந்து விலக்கி, டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருந்தார்கள்.

3. கம்ப்யூட்டர் குலுக்கலில் ‘முதலில் எடை குறைப்பு, ஆறு மாதம் கழித்துச் சிகிச்சை’ என்ற பிரிவு அவருக்கு விழுந்தது.

4. ஐந்து மாதத்தில் எட்டு கிலோவுக்கு மேல் குறைத்தார்.

5. குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலை, டிப்போவில் டிரிப் ஷீட் எழுதும்போது தாளின் இடது பாதியை மட்டும் நிரப்பினார். எழுந்து போகையில் கதவு நிலையில் வலது தோள் மோதியது.

6. ஸ்கேனில், மூளையின் பின்பகுதியில் இடது பக்கம் ரத்தக்கட்டி அடைத்திருந்தது.

7. இரண்டு கண்ணிலும் வலது பாதிப் பார்வை போய்விட்டது.

‘நிகழ்வின் சுருக்கம்’ என்று அச்சிட்ட கட்டத்தில் நான் எழுதியது இந்த ஏழு வரிதான். ஏழும் உண்மை. படிவத்தை வாங்கிப் பார்த்த டாக்டர், தெளிவாக இருக்கிறது என்றார். எட்டாவது வரி ஒன்று உண்டு. அது எனக்குத் தெரியவர ஒன்பது நாள் ஆனது.

நான் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். இரண்டு வருடம் ஈ.சி.ஜி. கருவி விற்கும் கம்பெனியில் இருந்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவுக்கு ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளராக வந்தேன். பெயர்தான் பெரிது. டாக்டர் நோயாளியைப் பார்ப்பார். நான் தாள்களைப் பார்ப்பேன். எடை பார்த்து எழுதுவது, ரத்த அழுத்தம் எழுதுவது, மாதாமாதம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டு டிக் போடுவது, அதையெல்லாம் சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இந்த வேலைக்கு வந்த முதல் வாரம் சொல்லிக் கொடுத்த முதல் விதி: மூலத்தில் இருப்பதை இருக்கிறபடியே எடுத்து எழுது. டாக்டர் தேதியைத் தப்பாக எழுதியிருந்தாலும் நீயாகத் திருத்தாதே, கேள்வி அனுப்பு. எனக்கு அந்த விதி பிடித்தது. நான் இயல்பிலேயே பட்டியல் போடுகிறவள். கடைக்குப் போனாலும் எண் போட்டுத்தான் எழுதிக்கொண்டு போவேன்.

எங்கள் ஆய்வின் கேள்வி எளிமையானது. அந்த நோயில் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமே நடுங்கும். அப்லேஷன் என்று ஒரு சிகிச்சை உண்டு. தொடை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, தப்பான மின்துடிப்பு கிளம்பும் இடங்களைச் சுட்டுவிடுவார்கள். உடம்பு கனத்தவர்களுக்கு அதைச் செய்தாலும் பல பேருக்கு நோய் திரும்பி வந்துவிடுகிறது. எடையைக் குறைத்துவிட்டு அப்புறம் செய்தால் நிலைக்குமா? அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

டிரைவர் அண்ணாச்சியை முதல்நாள் கூட்டிக்கொண்டு வந்தவர் அவருடைய பழைய கண்டக்டர். பதினோரு வருடம் இரண்டு பேரும் திருநெல்வேலி - கூடங்குளம் வண்டியில் ஒன்றாகப் போனவர்கள். ஒருநாள் வள்ளியூர் தாண்டி நெஞ்சு படபடவென்று அடித்துக் கண் இருட்டவும், அண்ணாச்சி வண்டியை ஓரம்கட்டி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறார். பயணிகளில் ஒருவருக்கும் கீறல் இல்லை. அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை இருந்தது. ஆனால் அன்றிலிருந்து வண்டி கிடையாது.

“ஆறு வருஷம் இருக்கு பாப்பா ரிட்டயர்டு ஆக. ஆறு வருஷமும் பேப்பர்ல எழுதிக்கிட்டு இருன்னு சொல்லுதாவ. ஸ்டியரிங் இல்லாம இந்தக் கையை எங்கன வைக்கன்னே தெரியல.”

“வயித்து மேல வையும் வே. நல்ல மேசை மாதிரி இருக்கு,” என்றார் கண்டக்டர்.

“சும்மா கெடலே.”

குலுக்கல் முடிவை நான் சொன்னபோது அவர் முகம் மாறியது. நேராகச் சிகிச்சை கிடைக்கும், இரண்டு மாதத்தில் மருத்துவக் குழு முன்னால் போய் நின்று வண்டியை வாங்கிவிடலாம் என்று நினைத்து வந்திருந்தார்.

“அப்போ மத்தவனுக்கு?”

“அந்தப் பிரிவுக்கு வழக்கம்போல அண்ணாச்சி. வரிசை வரும்போது செய்வாங்க.”

“அவன் தின்னுக்கிட்டே வைத்தியம் பாப்பான். நான் பட்டினி கெடந்து பாக்கணும். நல்லா இருக்கு பாப்பா ஒங்க கம்ப்யூட்டரு.”

விருப்பம் இல்லையென்றால் விலகிக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன். சரி, கையெழுத்துப் போட்டாச்சு, போட்டதுதான் என்றார்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். எடை பார்க்கும் முன்னால் செருப்பு, பெல்ட், சாவிக்கொத்து, செல்போன், சட்டைப்பை சில்லறை எல்லாவற்றையும் என் மேசையில் வரிசையாக வைப்பார். “மோதிரத்தயும் கழட்டவா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். உணவு ஆலோசகர் கொடுத்த தாளில் கருப்பட்டிக் காபியை நிறுத்தச் சொல்லியிருந்தது. அவர் சாத்தான்குளத்துப் பக்கம். “சீனியத்தானம்மா விடச் சொல்லணும். கருப்பட்டி மருந்துல்லா,” என்று அரைமணி நேரம் வாதாடினார். கடைசியில் விட்டார். காலையில் மைதானத்தைச் சுற்றி நடந்தார். நவம்பரில் இரண்டு கிலோ, டிசம்பரில் இன்னும் ஒன்றரை.

கிறிஸ்துமஸ் வந்தது. ஜனவரியில் வந்து தராசில் ஏறினபோது எண் மேலே போயிருந்தது. அவரே அதைக் குனிந்து பார்த்துவிட்டு இறங்கி, பெல்ட்டை மெதுவாக மாட்டிக்கொண்டார். அன்றைக்கு மோதிர ஜோக் இல்லை. டாக்டர் உள்ளே வந்து, தட்டிக் கொடுக்கிற தொனியில்தான் சொன்னார்: “தொண்ணூத்தி நாலுக்கு வந்துட்டு வாங்க அண்ணாச்சி. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்.”

அந்த வாக்கியத்தை அவர் பிடித்துக்கொண்டார். தொண்ணூற்று நான்குக்கு வராவிட்டால் அப்லேஷன் இல்லை என்று நம்பினார். ஆய்வுத் திட்டத்தில் அப்படி இல்லை. எடை எதுவாக இருந்தாலும் ஆறு மாதம் முடிந்ததும் சிகிச்சை உண்டு. ஒப்புதல் படிவத்தின் நான்காம் பக்கத்தில் அது இருக்கிறது. அவர் தப்பாக நம்புகிறார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. நான் திருத்தவில்லை. அந்தப் பயம் எடையைக் குறைக்கும் என்று தோன்றியது. குறைத்தது.

அன்று அவர் மனைவியும் வந்திருந்தார். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்கிறவர். கணவர் வெளியே போனதும் என் மேசைக்கு வந்தார்.

“எல்லாத்தயும் ஒரு அட்டையில வரிசையா எழுதிக் குடும்மா. நான் வாயால சொன்னா அவிய கேக்க மாட்டாவ. எழுதி வச்சிருந்தாக் கேப்பாவ. டூட்டி சீட்டு மாதிரி வேணும்.”

அது உண்மைதான். கண்டக்டரும் சொல்லியிருக்கிறார். ஆறு பத்துக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்று எழுதியிருந்தால், ஒரு பயணி பஸ் ஸ்டாண்ட் வாசலில் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தாலும், அண்ணாச்சி ஆறு பத்துக்கு எடுத்துவிடுவார். எழுதியிருப்பது எதுவோ அதுதான். தன் மூளையை அதில் கலக்க மாட்டார்.

நான் சந்தோஷமாக எழுதினேன். எனக்கு வரும் வேலை அது. வெள்ளை அட்டை, நீல மை, பதினோரு வரி. காலை எழுந்ததும் என்ன, நடை எத்தனை நிமிடம், மத்தியானம் சோறு எத்தனை கரண்டி. ஒன்பதாவது வரி: இரவு ஏழு மணிக்கு இரண்டு இட்லி அல்லது ஒரு சப்பாத்தி. பத்தாவது வரி: இரவு சாப்பாட்டுக்குப் பின் ரத்தம் உறையாத மாத்திரை ஒன்று.

அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலறைகள் நடுங்கும்போது ரத்தம் அங்கே தேங்கி உறையும். உறைந்த துணுக்கு ஓட்டத்தில் கிளம்பித் தலைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று. அதன் வேலை பாதி நாளுக்குத்தான் நிற்கும், அதனால்தான் இரண்டு வேளை. அவர் போட்ட மாத்திரையை உணவுக்குப் பின்னும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். எனக்கு இது தெரியும். யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவர் கொண்டுவந்த மருந்துக்கடைக் கவரில் ‘சாப்பாட்டுக்கு முன் / சாப்பாட்டுக்குப் பின்’ என்று அச்சிட்டு, ‘பின்’ என்பதைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். கடையில் பெரும்பாலான மாத்திரைக்கு அதைத்தான் வட்டம் போடுவார்கள். வயிறு புண்ணாகாமல் இருக்கட்டும் என்று ஒரு பழக்கம். நான் கவரைப் பார்த்து எழுதினேன். மூலத்தில் இருப்பதை இருக்கிறபடியே.

பிப்ரவரியில் சாம்பல் புதன் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் தொடங்கியது. அண்ணாச்சி வீட்டில் அந்த நாற்பது நாளும் கறி கிடையாது. அது வருடா வருடம் உள்ளது. இந்த வருடம் அவர் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நோன்பு இல்லை, அன்றைக்குச் சாப்பிடுவார். இதை என்னிடம் மறைக்கவில்லை. மார்ச் மாதம் வந்தபோது அவரே சொன்னார்.

“ஆண்டவருக்கும் ஆச்சு, ஒங்க டாக்டருக்கும் ஆச்சு பாப்பா. ஒரே பட்டினியில ரெண்டு பேரயும் சரிக்கட்டியாச்சு.”

தராசில் 95.9. நான் கை தட்டினேன். உணவுப் படிவத்தில் எழுதினேன்: இரவு உணவு இல்லை, மத நோன்பு, ஞாயிறு தவிர. அடுத்த பக்கம் மருந்துகள்.

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுதியளா அண்ணாச்சி?”

“ஒன் அட்டைப்படிதான் பாப்பா. ஒரு எழுத்து தப்பமாட்டேன்.”

“மாத்திரை கைவசம் இருக்கா? எழுதித் தரச் சொல்லவா?”

“நெறைய இருக்கு.”

நான் டிக் போட்டேன். ஒழுங்காக உட்கொள்கிறார்: ஆம். கையிருப்பு: ஆம்.

மாதத்துக்கு அறுபது மாத்திரை வாங்குகிறவரிடம் மாதக் கடைசியில் நிறைய இருக்க முடியாது. ஒன்றோ இரண்டோ இருக்கலாம். இது நான்காம் வகுப்புக் கணக்கு. இரவு உணவு இல்லை என்று நான் எழுதிய மை காயாத நேரம் அது. இரண்டு பக்கமும் என் கைக்குக் கீழே விரிந்து கிடந்தன. எங்கள் ஆய்வு எடையைப் பற்றியது என்பதால் அந்த மாத்திரையை எண்ணிப் பார்க்கச் சொல்லி விதி இல்லை. எண்ணக்கூடாது என்றும் விதி இல்லை.

பதினைந்து நாள் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கண்டக்டர் போன் செய்தார்.

“பாப்பா, ஆளு கதவுல போய் முட்டுதாரு. என்னவே, காலையிலயே போட்டாச்சான்னு நாங்க சிரிச்சிட்டோம். பொறவு அவரு எழுதுன பேப்பரப் பாத்தோம். பாதிதான் இருக்கு. மீதிய எழுதும்வேன்னா, எழுதிட்டேம்லேங்காரு.”

உடனே கூட்டி வரச் சொன்னேன். வண்ணார்பேட்டை நெரிசலைத் தாண்டி அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நேரம் இருந்தது. கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு. நரம்பியல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறாரா, கடைசியாக எப்போது போட்டார் என்பது. காலை எட்டு மணிக்குப் போட்டார் என்று மனைவி சொன்னார். அப்படியானால் ஊசி போட முடியாது, மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும் என்றார்கள். குழாய் விட்டு எடுக்கலாம் என்றால், அடைத்திருந்த இடம் சின்ன ரத்தக்குழாய், எட்டாது. ராத்திரி மாத்திரை இல்லாததால் கட்டி வந்திருக்கலாம். காலை மாத்திரை இருந்ததால் கட்டியைக் கரைக்க முடியவில்லை. இரண்டாவது பாதி மட்டுமே அன்றைக்கு எங்களுக்குத் தெரியும்.

கையில் லேசான மரப்பு இருந்தது. இரண்டு நாளில் போனது. பேச்சு தெளிவாக இருந்தது. கண்தான் தேறவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “வலது பக்கம் யாரோ படுதாவப் போட்டு மூடுன மாதிரி இருக்கு பாப்பா. இதை எப்போ எடுப்பாவ?” என்று கேட்டார்.

ஆறாம் மாத எடையைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். டாக்டரிடம் கேட்டேன். அவர் சங்கடப்பட்டார், ஆனால் எடுக்கத்தான் வேண்டும் என்றார். வார்டில் இருக்கும் தராசில் நிறுத்தினோம். அண்ணாச்சியின் வலது கையை நான் பிடித்துக்கொண்டேன். மேசையில் வைக்க அவரிடம் சாவியோ பெல்ட்டோ இல்லை. 93.4.

“எவ்வளவு?” என்றார். எண் இருந்த திரை அவருக்கு வலது பக்கம்.

சொன்னேன்.

“தொண்ணூத்தி நாலுக்குக் கீழ வந்தாச்சுல்லா? அப்போ பண்ணுவாவல்லா?”

சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இலக்கு எட்டப்பட்டதா என்ற கேள்விக்கு நேரே பச்சை நிறத்தில் ஒரு டிக் தானாக விழுந்தது. எடைப் பகுதியில் எங்களுடைய நல்ல பங்கேற்பாளர்களில் அவர் ஒருவர்.

ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை சமாதானபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து என் அட்டை அப்படியே இருந்தது. பதினோரு வரிக்கும் நேரே பென்சிலால் தினமும் கோடு போட்டு, கோடு நிறைந்ததும் அழித்து மறுபடி போட்டிருந்தார். அட்டையின் ஓரம் சாம்பல் பூத்திருந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நேரே மட்டும் கோடுகள் மிகக் குறைவு.

மருந்து விவரத்தைச் சரிபார்க்க மாத்திரைகளைக் காட்டச் சொன்னேன். மனைவி இரண்டு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். ஒன்று காலைக்கு, ஒன்று ராத்திரிக்கு. காலை டப்பாவில் கொஞ்சம் இருந்தது. ராத்திரி டப்பா மூடவே முடியாமல் இருந்தது.

“அக்கா, இது ஏன் இவ்வளவு இருக்கு?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “லெந்து நாள்ல ராத்திரி சாப்பிடல்லியே. சாப்பிடாம அவிய மாத்திரை எப்படிப் போடுவாவ? சாப்பாட்டுக்குப் பொறவுன்னு நீதானம்மா எழுதிக் குடுத்த?”

குற்றம் சொல்லவில்லை. நான் ஏதோ மறந்துவிட்டதாக நினைத்து ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். எனக்குக் காபி போட எழுந்து போனார்.

நான் எண்ணினேன். வாங்கியவற்றைக் கூட்டி, போட்டிருக்க வேண்டியதைக் கழித்தேன். சாம்பல் புதனிலிருந்து அந்தத் திங்கள் வரை நாற்பத்தொரு ராத்திரி. அதில் ஞாயிறு ஆறு. மீதி முப்பத்தைந்து. டப்பாவில் கூடுதலாக இருந்ததும் முப்பத்தைந்து. ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் சொன்னது சரி. ஒரு எழுத்து தப்பவில்லை.

காபி கருப்பட்டிக் காபி. குடித்தேன். குடிக்காமல் எழுந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். “அது எதுக்கும்மா, இருக்கட்டும். அவிய பாத்துக் கோடு போடுவாவ,” என்றார். பத்தாவது வரியில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்பதை அடித்துவிட்டு, ‘சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்’ என்று எழுதினேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அப்புறம் ஆட்டுவதை நிறுத்திவிட்டு டப்பாவைப் பார்த்தார். நான் அன்றைக்கு எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். “அதனாலதான்னு நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. ஒழுங்கா போடுறவங்களுக்கும் சில சமயம் வருது. நீ எழுதாட்டாலும் கவர்ல அதுதான இருந்திச்சு.” இரண்டும் சரி. ஆய்வுடன் தொடர்பு உண்டா என்ற கட்டத்தில் அவர் முதலில் ‘வாய்ப்பு குறைவு’ என்று குறித்திருந்தார். அதை அடித்து, ‘இருக்கலாம்’ என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். நான் எட்டாவது வரியை எழுதினேன்: பங்கேற்பாளர், ஒருங்கிணைப்பாளர் எழுதிக் கொடுத்த அட்டையைப் பின்பற்றி, முப்பத்தைந்து இரவுகள் மாத்திரையைப் போடவில்லை.

நெறிமுறைக் குழு இரண்டு வாரம் கழித்துப் பதில் அனுப்பியது. எல்லாப் பங்கேற்பாளர்களிடமும் நோன்பு நாட்களில் மாத்திரை போடுவது பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். மாத்திரைகளை எண்ண வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் கையால் எழுதிய அட்டைகள் கூடாது. என்னை வேலையை விட்டு எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள், சான்றிதழ் தந்தார்கள். அந்தச் சான்றிதழும் என் கோப்பில் இருக்கிறது.

மே மாதம் அண்ணாச்சி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் வலது பக்கம் மனைவி நடந்தார்; அந்தப் பக்கம் எது வந்தாலும் அவருக்குத் தெரியாது. இருவரையும் உட்கார வைத்து நான் சொன்னேன். அட்டையைப் பற்றி, மாத்திரையைப் பற்றி, மார்ச் மாதம் நிறைய இருக்கு என்று அவர் சொன்னதையும் நான் கேள்வி கேட்காமல் டிக் போட்டதையும் பற்றி. தொண்ணூற்று நான்கு கட்டாயம் இல்லை, எந்த எடையிலும் சிகிச்சை உண்டு என்பது எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்பதையும். வீட்டிலேயே ஐந்து வரியாக எழுதிப் பழகிக்கொண்டு வந்திருந்தேன். ஐந்தையும் சொன்னேன்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கத் தலையை வலது பக்கம் நன்றாகத் திருப்பினார்.

“அப்போ ராத்திரி நான் தின்னுருக்கலாம்,” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“தின்னாலும் பண்ணிருப்பாவ.”

“ஆமா.”

“சரி, எப்போ பண்ணுவாவ? பண்ணிட்டு மருத்துவக் குழுவுக்கு எழுதிப் போடணும்லா. டிப்போவுல வண்டி கேட்டு வச்சிருக்கேன்,” என்றார்.

அவருக்கு நான் சொன்னது புரியாமல் இல்லை. கண்ணைப் பற்றி நரம்பியல் டாக்டர் அவரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை நான் சொன்னேன். இதயம் சரியானாலும் கண் திரும்பாது, பார்வை இல்லாமல் உரிமம் கிடைக்காது. அவர் மறுக்கவில்லை. மேசையில் இருந்த என் பேனாவை எடுத்து இடது பக்கமாக நகர்த்தி வைத்தார்.

“எதிர்ல வாரவன் பூராவும் வலது பக்கம்லா வாரான்,” என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

நான் தினமும் டவுனிலிருந்து பாளைக்குப் பஸ்ஸில் போகிறேன். இப்போதெல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்து நின்றுகொள்கிறேன். கொக்கிரகுளம் பாலத்தில் ஏறும்போது, எதிரே வரும் வண்டிகளையெல்லாம் அந்த டிரைவர் தலையைத் திருப்பாமலே பார்க்கிறார். எத்தனை வண்டி என்று எண்ணிப் பார்த்தேன். பாலம் முடிவதற்குள் எண்ணிக்கை தப்பிவிட்டது. அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும் மறுநாளும் எண்ணினேன்.

இப்போது இருக்கிற நிலை இது. பக்கவாதத்தால் தள்ளிப்போன அப்லேஷனை ஆகஸ்ட் மாதம் அண்ணாச்சிக்குச் செய்தார்கள், நல்லபடியாக முடிந்தது. இதயத் துடிப்பு சீராக இருக்கிறது. எடை 92.8. ராத்திரி மாத்திரையைத் தவறாமல் போடுகிறார், எண்ணிப் பார்க்கிறேன். பார்வை திரும்பவில்லை. டிரிப் ஷீட் எழுதும் வேலையும் பாதித் தாளோடு நின்றுபோனதால், உடல்தகுதி இல்லை என்று வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். கண்டக்டர் இப்போது வேறு டிரைவரோடு கூடங்குளம் போகிறார். ஆய்வு இன்னும் இரண்டு வருடம் நடக்கும். அண்ணாச்சி அடுத்த செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வருகிறார். அன்றைக்கு நான் கேட்க வேண்டிய கேள்விகள் இருபத்தாறு. அதில் கண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை.